ஸ்டெப் போட்டவர் ஒருவர், சொந்தம் யாருக்கு? நடனக் குழுக்களின் புதுப் படைப்புகளும் உரிமைச் சிக்கலும்!

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் குழு நடனமும் உண்டு. தாயில்பட்டி பள்ளி ஆடினாலும் சரி, சென்னைப் பள்ளி ஆடினாலும் சரி, மேடையில் தெரிவது ஆடுகிற பிள்ளைகள்தான். அந்த ஸ்டெப்பை யோசிச்சது யார்? டீச்சரா, பிளஸ் டூ படிக்கிற அக்காவா? யாரும் கேட்பதில்லை. ஆனால் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

பாலே கம்பெனியில் என்ன செய்கிறார்கள்?

மேற்கத்திய பாலே கம்பெனிகளில் நடனக் கலைஞர் சம்பளத்துக்கு ஆடுபவர். அவர்களில் யாருக்கு நடனம் அமைக்கும் திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பத்து, பதினைந்து நிமிடக் குட்டிப் படைப்புகளுக்கு மேடை கொடுப்பது அங்கே பழகிப்போன வழி. சக கலைஞர்களையே வைத்து ஒத்திகை பார்க்கலாம். சொதப்பினால் ஒரு மாலையோடு போச்சு. கம்பெனிக்கும் பெரிய நஷ்டம் இல்லை. மூன்று மணி நேர நாடகத்தை ஒரு புதியவரை நம்பிக் கொடுக்க எந்த நிர்வாகம் துணியும்?

பென்ஸ் கார் ஊரான ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் இதற்குப் பேர்போனது. ஜான் நியூமையர், யீரி கிலியான், வில்லியம் ஃபோர்சைத் மூவரும் அங்கே ஆட வந்தவர்கள். நோவேர் சங்கம் நடத்திய இளம் படைப்பாளர் மேடையில் சின்னச் சின்ன நடனங்கள் அமைத்தார்கள். பிறகு நியூமையர் ஹாம்பர்க் பாலேவை 1973 முதல் அரை நூற்றாண்டு நடத்தினார். நியூயார்க் சிட்டி பாலேவில் ஆடிக்கொண்டே நடனம் அமைத்த ஜஸ்டின் பெக்தான் 2021-ல் ஸ்பீல்பெர்க்கின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்கு நடன இயக்குநர்.

நம்ம ஊரில் எப்படி?

நம்ம ஊரில் பெரும்பாலும் வெளியே வந்தால்தான் சொந்தமாகச் செய்ய முடிந்திருக்கிறது. பாலேயுடன் நமக்கு உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவிக்குப் பாலே ஆர்வத்தைத் தந்தது ரஷ்யக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு. 1944-ல் குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கி அவர் உருவாக்கிய நாட்டிய நாடகங்கள் இன்றும் மேடையேறுகின்றன. அங்கே முன்னணிக் கலைஞர்களாக இருந்த தனஞ்ஜெயன் - சாந்தா தம்பதி வெளியே வந்து 1968-ல் பரத கலாஞ்சலியைத் தொடங்கினார்கள். சந்திரலேகா குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் தனிக் குழு கண்டார். பத்மினியோடு ஆடிய ப்ரீத்தி ஆத்ரேயாவும் பின்னர் சொந்தப் படைப்புகளுக்குப் போனார்.

சினிமா கொஞ்சம் பரவாயில்லை. அக்னி நட்சத்திரத்தில் குரூப்பில் ஆடிய பிரபுதேவா, அடுத்த ஆண்டே வெற்றி விழாவில் (1989) மாஸ்டர். அப்பா சுந்தரம் மாஸ்டர் என்பதும் காரணம்தான். அந்தக் கதவு எல்லா குரூப் டான்ஸருக்கும் திறப்பதில்லை.

சரி, நடனம் யாருக்குச் சொந்தம்?

குழுவின் ஹால், குழுவின் ஆட்கள், குழுவின் பணம். யோசனை மட்டும் ஒருவருடையது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த், யக்ஷகானத்தைப் புதிதாக வடிவமைத்து பாலே வடிவில் தந்தார். 1997-ல் அவர் இறந்த பிறகு, 2001-ல் மணிப்பால் கல்வி அகாடமி அவரது பாலே ஒன்றை டெல்லியில் மேடையேற்ற, உயில்படி உரிமை பெற்றவர் வழக்குத் தொடர்ந்தார். "எங்கள் யக்ஷகான மையத்தின் இயக்குநராக இருந்தபோது எங்கள் செலவில் செய்தது, எனவே எங்களுக்கே சொந்தம்" என்பது அகாடமி வாதம். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2009-ல் உச்ச நீதிமன்றமும் உரிமை உயில் பெற்றவருக்கே என்ற தீர்ப்பைச் சில விலக்குகளோடு உறுதி செய்தது.

அமெரிக்காவில் நேர்மாறு. மார்த்தா கிரஹாம் தன் பெயரிலேயே இருந்த மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். அதனால் அவர் அமைத்த நடனங்களில் பெரும்பாலானவை மையத்துக்கே சொந்தம், வாரிசுக்கு இல்லை என்று 2002-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர் உலகமே 'கிரஹாம் நடனம்' என்று கொண்டாடும் படைப்புக்கே அந்த நிலைமை!

சட்டம் சொல்வது என்ன?

நமது 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பு 'நாடகப் படைப்பு' வகையில் வருகிறது. ஆனால் எழுத்திலோ வேறு வழியிலோ பதிவாகியிருக்க வேண்டும். மனப்பாடமாக மட்டும் இருக்கிற நடனத்துக்கு உரிமை கோருவது கஷ்டம். வாய்மொழியாகவே நடனம் கற்றுத்தரும் நம்ம ஊரில் இந்த நிபந்தனை இளம் கலைஞரைத்தான் அடிக்கும். சம்பள வேலையின் பகுதியாகச் செய்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளியே முதல் உரிமையாளர். சின்னப் படைப்புதானே என்று காகிதம் போடாமல் ஆடிவிடுவது பின்னால் வினையாகலாம். நடனம் பெரிய பெயர் வாங்கிய பிறகு ஒப்பந்தம் பேச உட்கார்ந்தால் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பள்ளிக் குழுக்கள் பயப்பட வேண்டாம். ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் பள்ளிக்குள், பெற்றோர் போன்றோர் முன்னால் ஆடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் இல்லாத கூட்டத்துக்காகவோ கோவில் போன்ற மத அமைப்பின் நலனுக்காகவோ தொழில்முறை அல்லாத மன்றங்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கும் அப்படியே. காசு வாங்கி ஊர் ஊராகப் போகும் ஆடல் பாடல் குழுக்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது.