வயலில் கிடைக்கும் கல் நத்தை: எடுக்கும் முன் இடத்தைக் குறியுங்கள்

காஞ்சிபுரம் அருகே ஒரு கிராமத்தில் நிலக்கடலைப் பயிற்சி முடிந்து வெளியே வந்தேன். விவசாயி ஒருவர் துண்டில் முடிந்து வைத்திருந்த ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். ஆட்டுக் கொம்பு போலச் சுருண்டு, மேலே வரிவரியாக இருந்தது.

"ஐயா, பெரம்பலூர்ப் பக்கம் என் மச்சான் மக்காச்சோளக் கொல்லையில் கிடைச்சுது. சாளக்கிராமம்னு சொல்றாங்க. இது கோயில் ஊராச்சே, நல்ல விலை போகுமா?" என்று கேட்டார்.

பூசையில் வைக்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. இது அதுவல்ல, ஆனால் உறவு உண்டு. சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும், இவர் கையில் இருந்த சுருளும் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடேயாகும். கணவாய் மீனின் தூரத்து உறவான இந்த இனம், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்துவிட்டது.

எந்தக் கொல்லை, எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உழும்போது வரும் கற்களையெல்லாம் வரப்பில் குவித்து வைப்பார்களாம். அதில் ஒரு சாக்கை ஒரு வியாபாரி சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் போய்விட்டாராம். எனக்கு மனம் சங்கடப்பட்டது.

விவசாய அன்பர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது சர்வே எண், ஆழம், முந்தைய பயிர் எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொல்கிறோம். சீட்டு இல்லாத பையில் இருப்பது வெறும் மண்தான். அம்மோனைட்டும் அப்படியே. இந்த இனம் காலத்துக்குக் காலம் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. ஆகவே எந்த அடுக்கில் எந்த வகை கிடைக்கிறது என்பதை வைத்தே பாறையின் வயதைக் கணிக்கிறார்கள். இடம் தெரியாத கல் அலமாரிக்கு அழகு. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் உதவாது.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடல். கே, கன்லிஃப் என்ற இருவர் தென்னாட்டில் சேகரித்த படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். 1860-களில் ஸ்டோலிச்கா இங்குள்ள அம்மோனைட்டுகளை வகைப்படுத்தினார். நம் ஊட்டத்தூரின் பெயரும் அரியலூரின் பெயரும் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக உலகெங்கும் வழங்குகின்றன. காரை கிராமத்துக் களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. மணிச்சத்து அடங்கிய உருண்டைக் கற்களும் உண்டு. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ இடுகிறோமே, அதே ஜிப்சம்தான். எந்த அடுக்கு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இத்தகைய பொருள்களைத் தேட முடியும். எனவே இது விவசாயிக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் வெளிர்நிறக் களிப்பாறையில் அந்தப் பழங்காலச் செடிகளின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. இன்று அங்கே பெரும்பகுதி தொழிற்சாலையாகிவிட்டது. கிணறு வெட்டுவோரும் அஸ்திவாரம் தோண்டுவோரும் கவனித்தால்தான் உண்டு.

2020 அக்டோபரில் குன்னம் அருகே மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று பேச்சுப் பரவியது. பார்வையிட்ட புவியியலாளர்கள் அவை முட்டையல்ல, அம்மோனைட் சார்ந்த கடல் படிவங்கள் என்று தெளிவுபடுத்தினர். கற்கள் கிடந்த இடத்திலேயே பார்க்க முடிந்ததால்தான் இது கைகூடியது.

"எழுதி வைத்தால் எனக்கு என்ன லாபம்? நிலத்தை எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல் கிடைத்ததைச் சொல்பவரின் சாகுபடிக்கு இடையூறு வராது என்று அரசு எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். கண்டெடுத்தவர் பெயர், ஊருடன் அருங்காட்சியகத்தில் பொறிக்கப்பட வேண்டும். சிறு சன்மானமும் தர வேண்டும். இவை இல்லாதவரை விவசாயி வாய் திறக்கமாட்டார். வியாபாரியின் சாக்குதான் நிறையும். வயல்தோறும் செல்லும் எங்கள் விரிவாக்கப் பணியாளர்களும் மண் மாதிரியோடு இதையும் பதிவு செய்யலாம் என்பது என் கருத்து.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பாறையில் பதிந்திருக்கும் கல்லைக் கடப்பாரையால் பெயர்க்காதீர்கள். ஏரில் புரண்டு வந்த கல்லானால் ஒரு சீட்டில் ஊர், சர்வே எண், ஆழம், மண்ணின் நிறம், தேதி ஆகியவற்றை எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். அரியலூர்ப் பக்கத்தவர் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலும், காஞ்சிபுரத்தார் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் காட்டி விவரம் கேட்கலாம்.

அந்த விவசாயி கல்லை விற்கவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மச்சானையே கூட்டிக்கொண்டு கொல்லைகளைச் சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லி, மறுபடி துண்டில் முடிந்துகொண்டார்.