கலர் கம்மி

"பொண்ணு லட்சணமா இருக்கா, கலர்தான் கொஞ்சம் கம்மி." பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லிப்போன இந்த ஒரு வரிக்காக என் சித்தி மகள் இரண்டு ஆண்டுகள் ஒரு களிம்பைப் பூசினாள். தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்த சின்ன டியூப் அது. முதல் மாதம் முகம் வெளுத்தது. "நல்லா கலராயிட்டா" என்று வீடே மகிழ்ந்தது. ஆறேழு மாதத்தில் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கின. பரு கிளம்பியது. தாடையில் முடி வளர்ந்தது. நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்தது. எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசினாள். கடைசியில் போய்ப் பார்த்த தோல் மருத்துவர் டியூபைத் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இத யாரும்மா போடச் சொன்னது?"

டியூபின் பின்பக்கம் மூன்று பெயர்கள் இருந்தன. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், மோமெடசோன். முதலாவது, தோல் தன் நிறமியான மெலனினை உண்டாக்குவதைத் தடுப்பது. இரண்டாவது, வைட்டமின் ஏ வகை. மேல்தோலை வேகமாக உதிரவைப்பது. மூன்றாவது ஸ்டீராய்டு. மங்கு விழுந்த முகத்துக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து இது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால், எதைப் போக்க நினைத்தோமோ அதைவிடக் கருநீலமாகத் திட்டுத் திட்டாய்ப் படியலாம். ஸ்டீராய்டு களிம்பால் கெட்ட முகத்துக்குத் தனியாக ஒரு நோய்ப்பெயரே வைக்கும் அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த முகங்களைப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் ஒன்றிய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது. டியூப் கடையில் கிடைக்கிறது.

"அது மருந்து, நான் பூசுவது வெறும் கிரீம்தான்" என்று நினைக்கிறவர்களும் தங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 1975இல் சந்தைக்கு வந்து, நம் அம்மாக்களின் அலமாரியில் இடம்பிடித்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரிலிருந்த சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. இத்தகைய கிரீம்களில் நிறத்துக்கென்று பெரும்பாலும் இருப்பது நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. தோலில் உண்டான மெலனின் மேலடுக்குக்கு நகர்வதை அது ஓரளவு குறைக்கும். கரும்புள்ளி கொஞ்சம் மங்கலாம். பூசுவதை நிறுத்தினால் பலன் போய்விடும். பிறந்த நிறத்தை அது மாற்றாது. பூசிய உடனே கண்ணாடியில் தெரியும் வெளுப்பு பல கிரீம்களில் டைட்டானியம் டை ஆக்சைடின் வேலை. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் அதுதான் வெள்ளை நிறம் தருகிறது. மினுமினுப்புக்குச் சேர்ப்பது மைக்கா எனும் அபிரகம். ஜார்க்கண்டில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் அதைப் பொறுக்குகிறவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. நம் முகத்துப் பொலிவுக்கு இன்னொருத்தியின் கை கிழிகிறது.

விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான டப்பாவிலும் கண்ணாடிக் குப்பியில் வரும் சீரத்திலும் அதே நியாசினமைடு இருக்கலாம். ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதனால் தண்ணீரும் கிளிசரினும் முன்னால் நிற்கும். விளம்பரத்தில் பூத்துக் குலுங்கும் குங்குமப்பூ, பெரும்பாலும் கடைசி வரியில் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, அட்டையில் பெயரே இல்லாமல் வருவது: பாதரசம். சிவப்பழகு கிரீம்களில் அதைச் சேர்க்க இந்தியாவில் தடை உண்டு. ஆனாலும் ஊர்பேர் தெரியாத கிரீம்களில் வந்துகொண்டே இருக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்தவர்களிடம் மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, பலர் பூசியிருந்தது சிவப்பழகு கிரீம் என்று தெரிந்தது. தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். "நகையில் படக் கூடாது" என்று எச்சரிக்கை இருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும். பூசியவளின் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் அது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "ஆகவே பெண்களே, படித்துப் பார்த்து வாங்குங்கள்" என்று முடித்தால் நான் ஏமாற்றுக்காரி. சமையல், பிள்ளை, மாமியார், வேலை எல்லாவற்றுக்கும் மேல் வேதியியலையும் பெண்ணின் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லை. அதுவும், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டதை. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடைக்குப் பூட்டுப் போட வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடவைக்க வேண்டியது அரசு. ஏமாந்தவளைப் பார்த்து "படிச்ச பொண்ணுதானே, பாத்து வாங்கக் கூடாதா?" என்று கேட்பது, குற்றவாளியைத் தப்பவிடும் பழைய தந்திரம்.

கம்பெனிகளை மட்டும் திட்டிவிட்டும் நாம் தப்ப முடியாது. வயிற்றில் இருக்கும்போதே "புள்ள செவப்பா பொறக்கணும்" என்று பாலில் குங்குமப்பூ கலக்கிக் கொடுத்தது எந்தக் கம்பெனியும் இல்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறோமே, அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது? வெயிலில் வேலை செய்கிறவர்களின் நிறம் இழிவு, நிழலில் இருப்பவர்களின் நிறம் உயர்வு என்ற சாதிக் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்குக்கு உடலிலும் ஆதாரம் கிடையாது. மெலனினை உண்டாக்கும் அணுக்கள் எல்லா மனிதர் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் உண்டாக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. நம் வெயிலுக்கு அது தோல் விரிக்கும் குடை. குடையைக் கிழித்துக்கொள்ளக் காசு கொடுக்கிறோம்.

"யாரும்மா போடச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டபோது என் சித்தி மகள் தலை குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாய் திறக்கவில்லை. முதல் மாதத்தில் அவள் முகத்தைப் பார்த்து, "என்னடி, பளிச்சுனு ஆயிட்ட!" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. போடச் சொன்னது நாங்கள்தான்.

அவள் இப்போது அந்தக் களிம்பை விட்டுவிட்டாள். முகம் தேற மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை யாராவது காபியைக் குடித்துவிட்டுக் 'கலர் கம்மி' என்றால், டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்ட வேண்டியது அவள் மட்டும் இல்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும்.