'குறட்டை விட்டா நல்ல தூக்கம்'னு யார் சொன்னது? மெஷினை நம்பாத அப்பாவும், 'வெயிட்டைக் குறைங்க' என்ற டாக்டரும்

காரைக்கால் கருக்களாச்சேரியில் எங்கள் தெருவுக்கே தெரியும், அப்பா தூங்கிவிட்டாரா இல்லையா என்று. அவ்வளவு சத்தம். "படுத்த அடுத்த நொடி தூங்கிடுறான், கொடுத்து வச்சவன்" என்பார் பாட்டி. விடியற்காலையில் தொழிலுக்குக் கிளம்புகிற மனுஷன், கடலில் உழைத்துவிட்டு வந்து அசந்து தூங்குகிறார் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அம்மா மட்டும் வேறு ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சத்தம் திடீர்னு நின்னுடுதுப்பா. மூச்சு வருதா இல்லையான்னு நான் பார்த்துக்கிட்டே கெடப்பேன். அப்புறம் தூக்கிவாரிப் போட்டு இழுத்து வாங்குறாரு." வருஷக்கணக்கில் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

போன வருஷம் ஒருநாள், கரைக்குத் திரும்பும்போது இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து படகை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அப்படியே கண்ணசந்துவிட்டார். கூட இருந்த சித்தப்பா கத்தி எழுப்பினார். அப்பாவைச் சேர்த்துப் படகில் மூன்று பேர். அதற்குப் பிறகுதான் 'ஸ்லீப் அப்னியா' என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

தூக்கத்தில் என்னதான் நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை குறுகிவிடும். குறுகிய வழியில் காற்று போகும்போது வருகிற அதிர்வுதான் குறட்டை. பாதை முழுதாக அடைபட்டால் மூச்சு நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உடம்பை அரைகுறையாக எழுப்பும். தொண்டை திறக்கும், மூச்சு வரும், மறுபடியும் தூக்கம். காலையில் தூங்கியவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அதனால்தான் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவரால் நேர்மையாகவே சொல்ல முடிகிறது.

குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ, வெகுவாகக் குறைந்து ஆக்சிஜனும் இறங்கினாலோ, அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை தடவை என்பதுதான் ஏ.ஹெச்.ஐ எண். 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் தீவிரம். அப்பாவுக்கு வந்தது 41.

இது அபூர்வமான நோய் இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அதன்படி சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கலாம், அதில் 4.7 கோடி பேருக்கு மிதமானது அல்லது தீவிரமானது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அன்று ஒருநாள் எல்லோரும் கூகுளில் தேடினோம். அதோடு மறந்தோம்.

வீட்டில் கிளம்பிய சந்தேகங்கள்

டாக்டர் எழுதிக்கொடுத்தது சிபாப் மெஷின். வீட்டில் வந்த கேள்விகளை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்விகள்தான் வரும்.

*"ஐ.சி.யூ-ல வைக்கிற மெஷினாச்சே, அவ்வளவு முத்திப்போச்சா?"* இல்லை. சிபாப் வென்டிலேட்டர் கிடையாது, ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாது. அறையில் இருக்கிற அதே காற்றை லேசான அழுத்தத்தில் மாஸ்க் வழியாக உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. மூச்சு விடுவது நாம்தான்.

*"ஒருதடவை மாட்டினா அப்புறம் அது இல்லாம தூங்கவே முடியாதாமே?"* இதைப் பழக்க அடிமைத்தனம் என்று சொன்னால், கண்ணாடி போட்டவர் எல்லோரும் அடிமைதான். கழற்றினால் பழைய நிலைமை திரும்பும் என்பது உண்மை. மெஷினால் புதிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை.

*"அவரு என்ன குண்டா?"* உடல் எடை பெரிய காரணம்தான். ஆனால் அதுமட்டும் இல்லை. தாடை அமைப்பு, கழுத்தின் சுற்றளவு, வயசு, மூக்கடைப்பு என்று பல உண்டு. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

*"ராத்திரி ரெண்டு ரவுண்டு போட்டா நல்லாத் தூங்குறாரே?"* காரைக்காலில் சரக்கு விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். சில வகைத் தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். ஆள் அசைவில்லாமல் கிடப்பார், மூச்சு இன்னும் அதிகமாக நிற்கும்.

*"நாப்பதாயிரமா? அந்தக் காசுக்கு வலை வாங்கலாம்."* இந்தக் கேள்விக்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. நியாயமான கேள்வி. எங்களுக்கு உதவியது, ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தது. வாங்கியே ஆகணும் என்ற பேச்சை நிறுத்தி, "ஒரு மாசம் பாருங்கப்பா, சரிவரலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்" என்றதும்தான் அப்பா இறங்கி வந்தார்.

டாக்டரே நம்பவில்லை என்றால்?

வீட்டுச் சந்தேகத்தைவிட இது கஷ்டம். அப்பா முதலில் காட்டிய டாக்டர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. பிரஷருக்கு மூன்று மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. படகில் தூங்கியதைச் சொன்னோம். "வயசாகுது, வெயிட்டைக் குறைங்க. குறட்டை யாருக்குத்தான் இல்ல?" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். மாத்திரைகளுக்கு அடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் ஸ்லீப் அப்னியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். நோயாளி முழித்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே டாக்டர் அவரைப் பார்க்கிறார், இந்த நோயோ தூங்கும்போது மட்டுமே வெளியே வருகிறது. சின்ன ஊர்களில் தூக்கப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவது என்பதும் பிரச்னை. எங்களுக்குப் புதுச்சேரி வரை போக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாக்டர்களின் சந்தேகத்தில் ஒரு பங்கு ஆதாரம் உள்ளது. 2016-ல் வெளியான 'சேவ்' என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, ஸ்லீப் அப்னியாவும் உள்ள 2,717 பேர் இருந்தார்கள். சிபாப் பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. இதைப் படித்த ஒரு டாக்டர் "மெஷின் போட்டா ஹார்ட் அட்டாக் வராதுங்கிறது கதை" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆய்வை முழுதாகப் படிக்க வேண்டும். அதில் இருந்தவர்கள் ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மெஷினைப் போட்டிருந்தார்கள். பகலில் கடுமையாகத் தூங்கி வழிகிறவர்கள், அதாவது அப்பா மாதிரி ஆட்கள், ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அப்படியிருந்தும் குறட்டை, பகல் தூக்கம், மனநிலை, அன்றாட வாழ்க்கை எல்லாம் சிபாப் குழுவில் மேம்பட்டன.

என் கருத்து இதுதான். "மெஷின் போட்டா உயிரைக் காப்பாத்தும்" என்று வீட்டில் பயமுறுத்தி விற்காதீர்கள். "பகல்ல தூங்கி வழிய மாட்டீங்க, படகுல கண்ணசர மாட்டீங்க" என்று சொல்லுங்கள். அது ஆதாரமுள்ள வாக்குறுதி. நிறைவேறுகிறதா என்று சில வாரங்களில் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மோட்டாரில் தொடங்கிய கதை

1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் சிபாப்பை முதன்முதலில் சோதித்தபோது, காற்றைத் தள்ள அவர் பயன்படுத்தியது வேக்கம் கிளீனர் மாதிரி ஒரு மோட்டார். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்கு இருந்த முக்கிய வழி, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்கு நேரடியாகப் பாதை வைப்பது. ஐந்து நோயாளிகளின் முடிவுகளை அவரது குழு 1981-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம போட்டு மோட்டார் மாதிரிதான்" என்றார். அதன் பிறகு மெஷின் மீது கொஞ்சம் மரியாதை வந்தது.

பெண்கள் குறட்டை விட்டால்?

2023-ல் மணிகண்டன் நடித்த 'குட் நைட்' படத்தைப் பார்த்துச் சிரித்தோம், கொஞ்சம் அழுதோம். அடுத்த வருஷம் வந்த 'டியர்' படத்தில் குறட்டை விடுவது மனைவி. நம் வீடுகளில் ஆண் குறட்டை விட்டால் அது ஜோக். பெண் விட்டால் வெளியே சொல்லக்கூடாத விஷயம். எய்ம்ஸ் மதிப்பீட்டில் ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். வித்தியாசம் உண்மையில் இருக்கிறது. ஆனால் பெண்கள் பலர் குறட்டை என்று சொல்லாமல் அசதி, தலைவலி, தூக்கம் வரலை என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். "வீட்டு வேலை, மாதவிடாய் நிற்கிற வயசு, டென்ஷன்" என்று விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

வாதம் செய்யாதீர்கள், காட்டுங்கள். அப்பா தூங்கும்போது அம்மா மொபைலில் எடுத்த இரண்டு நிமிட வீடியோதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. சத்தம் நின்ற இடத்திலிருந்து அப்பாவே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபதைத் தாண்டியதும் போனைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது டாக்டரும் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் பரிசோதனைக்கு எழுதினார்.

பக்கத்தில் படுக்கிறவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சாட்சி அவர்தான். "ஸ்டாப்-பேங்" என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர், எடை, 50 வயசுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்று 'ஆம்' வந்தால் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஐந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம் "எனக்கு ஸ்லீப் அப்னியா இருக்கு, கூகுள்ல பார்த்தேன்" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "இது இல்லைன்னு உறுதியா தெரிஞ்சுக்க ஒரு டெஸ்ட் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு வீட்டிலேயே செய்கிற சின்னக் கருவிப் பரிசோதனை போதும். லேசான நிலை என்றால் எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுப்பது, பல் மருத்துவர் தரும் தாடைக் கருவி என்று வேறு வழிகளும் உண்டு. எல்லோருக்கும் மெஷின்தான் என்று சொல்கிறவரையும் சந்தேகப்படுங்கள்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், கூட வந்தவரிடமும், "தூக்கத்துல மூச்சு நிக்குதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

அப்பா இப்போதும் எல்லா ராத்திரியும் மெஷின் போடுவதில்லை. கரன்ட் போனால் கழற்றிவிடுவார். முதல் வாரம் மாஸ்க் மூக்கைக் கீறுகிறது என்று வீசிக்கூடப் பார்த்தார். மாஸ்க் அளவை மாற்றியதும் சரியானது. இப்போது வாரத்தில் ஐந்து நாள், ராத்திரிக்கு ஐந்து மணி நேரம். படகில் தூங்கவில்லை என்று சித்தப்பா சொல்கிறார்.

இத்தனை வருஷம் அப்பாவின் மூச்சைக் காவல் காத்த அம்மாவும் இப்போதுதான் தூங்குகிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது நடுராத்திரியில் குறட்டைச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பாவிடமிருந்து இல்லை. "அவளுக்கு அசதி, விடு" என்றார் அப்பா, மாஸ்க்குக்குள்ளிருந்து. மொபைலை எடுத்து ரெக்கார்ட் செய்துகொண்டேன். அடுத்த மாசம் அம்மாவோடு புதுச்சேரி போகிறோம்.