சான்று தர வேண்டியவர் நோயாளி

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆறு ஆண்டுகள் வேற்று நாட்டு மக்களிடையே வாழ்ந்தவர்களுக்கு, வேறு பின்னணியிலிருந்து வரும் நோயாளியைப் புரிந்துகொண்டு நடத்தும் பண்பாட்டுத் திறன் தானாகவே வந்துவிடுகிறதாம். உள்ளூரில் படித்தவர்கள் கிணற்றுத் தவளைகளாம். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு இந்தத் திறனை அளப்பதில்லை, ஆகவே தேர்வைத் தளர்த்துங்கள், இங்கே செய்ய வேண்டிய ஓராண்டுப் பயிற்சியையும் குறையுங்கள் என்று கட்டுரை முடிகிறது. தொடங்கிய இடமும் தவறு, போய்ச் சேர்ந்த இடமும் தவறு. அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் பயிற்சி மருத்துவர்களோடு பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பிலிப்பைன்ஸின் தாவோவிலும் ஜார்ஜியாவின் திபிலீசியிலும் கிர்கிஸ்தானின் பிஷ்கேக்கிலும் நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் அவர்களில் ஒருவரிடமாவது விசாரித்திருக்க வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. விடுதி அறையில் இருப்பவர்கள் மதுரைக்காரர்களும் சேலத்துக்காரர்களும். சாப்பாடு தென்னிந்திய மெஸ்ஸில். வார்டுக்குப் போனால் ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஆசிரியர் நோயாளியிடம் ஜார்ஜிய மொழியில் பத்து நிமிடம் பேசுவார், பிறகு திரும்பி ஆங்கிலத்தில் மூன்று வரி சொல்வார். மாணவர் அந்த மூன்று வரியைக் குறித்துக்கொள்வார். நோயாளி ஏன் அழுதார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்த மூன்று வரியில் இருக்காது. பண்பாட்டுத் திறன் என்று எது உண்டோ, அதைக் கற்க வேண்டிய இடம் அந்தப் பத்து நிமிடம்தான். அங்கே நம் மாணவர் கேட்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் நிற்கிறார்.

2024 மே மாதம் பிஷ்கேக்கில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளைக் கும்பல்கள் தாக்கின. வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் நம் மாணவர்களுக்கு அறிவுறுத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு உயிருக்குப் பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்நாட்டு மக்களோடு ஒன்றி வாழ்ந்தவர்கள் என்று எழுத எப்படி மனம் வருகிறது? அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. தாவோவில் பிசாயா மொழியைக் கற்றுக்கொண்டு, வார்டில் இருந்த பாட்டிகளோடு உட்கார்ந்து பேசிப் பழகிய சிலரையும் சந்தித்திருக்கிறேன். அது அவர்களுடைய சொந்த உழைப்பு. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த எல்லோருக்கும் அந்தப் பெருமையைப் பங்குபோட்டுக் கொடுத்தால், உழைத்தவர்களுக்குத்தான் அநியாயம்.

தகுதித் தேர்வைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் பாதி உண்மை. 300 கொள்குறி வினாக்கள், 150 எடுத்தால் தேர்ச்சி. நோயாளி என்று ஒருவர் அந்தத் தேர்வில் எங்கும் வருவதில்லை. நோயாளியோடு பேசத் தெரியுமா என்பதை அது அளக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்கப்படவில்லை என்பதற்காக அந்தத் திறன் இருக்கிறது என்று ஆகிவிடுமா? அளக்க வேண்டும் என்று நினைத்த நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்க்கட்டும். ஜெர்மனியில் வெளிநாட்டு மருத்துவர் உரிமம் பெற வேண்டுமானால், நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் ஜெர்மன் மொழியில் நோய் வரலாறு கேட்டு, அதை எழுதி, இன்னொரு மருத்துவரிடம் விளக்கிக் காட்ட வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்களுக்குப் பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியிலும் நோயாளியாக நடிப்பவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை நாடு சுற்றினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தேர்வில் குறை கண்டவர் இதுபோன்ற தேர்வை இங்கும் வையுங்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? இருப்பதையும் தளர்த்தச் சொல்கிறார்.

வெளிநாடு போய் வந்த மாணவர்கள் தங்களுக்குத் தன்னம்பிக்கை கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் ஆதாரமாக வைக்கிறார். பண்பாட்டுத் திறன் பற்றி நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களிடமே கேள்வித்தாளைக் கொடுத்து, உங்கள் திறன் கூடியதா என்று கேட்பவை. மாணவர் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். இந்த ஓட்டையை நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் எப்போதோ அடைத்துவிட்டார். அவர் வளர்த்தெடுத்த பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அதன் அடிப்படை எளிது: சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை செவிலியருக்கு இல்லை, சிகிச்சை பெற்றவருக்கே உண்டு. செவிலியர் முதலில் ஆராய வேண்டியது தன் கையிலுள்ள அதிகாரத்தையும், தான் பிறந்து வளர்ந்த சூழல் தந்த எண்ணங்களையும். இதற்காக ராம்ஸ்டன் யாரையும் விமானம் ஏறச் சொல்லவில்லை. ஒரே நாட்டில், ஒரே ஊரில், வெள்ளைக்காரச் செவிலியருக்கும் மாவோரி நோயாளிக்கும் இடையே நடப்பதைத்தான் பேசினார். கட்டுரையாளரின் பக்கங்களில் நோயாளி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நம் நாட்டிலேயே இதைப் பார்க்க, அவர் திருப்பூருக்கு வரட்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர் காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்கு வருகிறார். டாக்டருக்கு ஒடியா தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த மேஸ்திரி இருவருக்கும் நடுவில் நின்று தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார். வேலை நேரத்தைப் பற்றியோ குடிக்கும் தண்ணீரைப் பற்றியோ மேஸ்திரியை வைத்துக்கொண்டு அந்த இளைஞர் உண்மையைச் சொல்வாரா? பண்பாட்டுத் திறனுக்கான பாடம் இங்கே நம் வாசலில் காத்திருக்கிறது.

உள்ளூரில் படித்தவர்களுக்கு இந்தத் திறன் குறைவு என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஓ.பி.யில் வேட்டியையும் செருப்பையும் பார்த்துவிட்டு, அப்பா வயதுள்ளவரை ‘நீ, வா, போ’ என்று பேசும் டாக்டர்களை அன்றாடம் பார்க்கிறேன். சாதியைப் பார்த்துக் குரல் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். 2019 முதல் நம் பாடத்திட்டத்தில் மருத்துவ அறத்துக்கும் நோயாளியோடு பேசும் முறைக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அதை ஒப்புக்கு நடத்தி முடிக்கும் கல்லூரிகள் உண்டு, அதைக் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் ஜார்ஜியாவுக்குப் போய் வந்தால் சாதிப் புத்தி கழன்று விழுந்துவிடும் என்று எந்த அனுபவத்தை வைத்துக் கட்டுரையாளர் சொல்கிறார்?

இந்தத் திறன் எங்கே வருகிறது என்பதை என் வார்டிலேயே பார்த்தேன். சர்க்கரை கட்டுக்கு வராமல் ஓர் அம்மா திரும்பத் திரும்ப அட்மிட் ஆனார். அப்போது பயிற்சியில் இருந்தவர் வெளிநாட்டில் படித்தவர், புத்திசாலி, ராப்பகலாக உழைப்பவர். சார்ட்டைப் பார்த்துவிட்டு இன்சுலின் அளவைக் கூட்டலாம் என்றார். பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “ஏம்மா, ஊசி மருந்த வீட்டுல எங்க வெக்கிறீங்க?” என்று கேட்டார். “அடுப்படி அலமாரியிலதாம்மா” என்றார் அவர். தகரக் கூரை வீடு, சித்திரை மாதம், ஃபிரிட்ஜ் கிடையாது. வெயிலில் கெட்டுப்போன மருந்தைத்தான் அவர் நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, அதில் மருந்தை வைக்கும் முறையை நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். புது மருந்தோடு வீட்டுக்குப் போனவருக்குப் பழைய அளவிலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதன் பிறகு இன்சுலின் போடும் ஒவ்வொரு நோயாளியிடமும் அந்தப் பயிற்சி மருத்துவர் முதலில் இதைத்தான் கேட்டார்.

இப்படிக் கற்றுக்கொள்ள இடம் தரும் ஓராண்டுப் பயிற்சியைத்தான் குறைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பயிற்சிக்காலத்தில் ஊதியம் மறுக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்காகக் குரல் கொடுத்திருந்தால் நானும் அவரோடு நின்றிருப்பேன். கட்டில் அருகே நின்று சொல்லித்தர ஆள் போதவில்லை என்று எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவரோ அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்கும் ஒரே வாய்ப்பைப் பிடுங்கி, அதற்குச் சலுகை என்று பெயர் வைக்கிறார். அந்தக் கோரிக்கையை அவர் அடுத்த இதழிலேயே திரும்பப் பெற வேண்டும்.