குளத்து மீனும் மருந்து எச்சமும்: எமது நிலைப்பாடு

வன்னிக் குளங்களில் சேரும் மருந்து எச்சத்தையும் நீர் மாசாகக் கணக்கெடுத்து, அளந்து, அது வரும் வழியிலேயே தடுக்க வேண்டும். இதுவே எமது அமைப்பின் நிலைப்பாடு. உரத்தையும் பூச்சிகொல்லியையும் பற்றி இங்கு எல்லோரும் பேசுகிறோம். வைத்தியசாலையிலும் வீட்டிலும் மாட்டுப்பட்டியிலும் இருந்து வரும் மருந்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

விழுங்கும் குளிசை முழுவதும் உடலில் கரைந்துபோவதில்லை. சலரோகத்துக்குக் கிளினிக்கில் கொடுக்கும் மெற்போர்மின் பெரும்பாலும் உருமாறாமலே சிறுநீரில் வெளியேறும். மலசலகூடக் குழியிலிருந்து அது நிலத்தடி நீருக்குக் கசியலாம், வடிகால் வழியே குளத்துக்கும் போகலாம். வவுனியாக்குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம் எல்லாம் வவுனியா நகருக்குள்ளேயே இருக்கின்றன. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்துதான் இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவருகிறது.

ஓடும் ஆறு தன்னில் விழுந்ததைக் கடலுக்குக் கொண்டுபோகும். குளம் அப்படியல்ல. மாரியில் வான் பாய்ந்தால் ஓரளவு வெளியேறும். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி அலைகரை வெளித்துக் கிடக்கும்போது, சிதையாத எச்சம் மிஞ்சிய நீரில் செறியும். திலாப்பியாவும் விராலும் கெளுத்தியும் அந்த நீருக்குள்தான் நெருங்கி நிற்கின்றன. அப்போது வெப்பமும் ஒட்சிசன் குறைவும் ஏற்கனவே அவற்றை வாட்டிக்கொண்டிருக்கும்.

இந்த அச்சத்துக்குச் சான்று உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஒரு ஏரியில், 2001 முதல் 2003 வரை, கருத்தடைக் குளிசையில் உள்ள செயற்கை ஓமோனை விஞ்ஞானிகள் கலந்தனர். அளவு லீற்றருக்கு 5, 6 நனோகிராம் மட்டுமே. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் உருவானது. அந்த ஏரியின் ஒரு சிறுமீன் இனம் ஏறக்குறைய அழிந்தேபோனது, அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீன்களும் குறைந்தன. கலப்பதை நிறுத்திச் சில வருடங்களின் பின் அந்த இனம் மீண்டது. வரவை நிறுத்தினால் மீட்சி உண்டு என்பதால்தான் நாம் இப்போதே பேசுகிறோம்.

வலிக்கு எடுக்கும் டைக்குளோபினாக் மீனின் சிறுநீரகத்தையும் செவுளையும் பாதிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் மருந்துத் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில்கூட, லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததாக 2007 இல் வெளியான ஆய்வு சொன்னது. வன்னியில் அப்படியான தொழிற்சாலைத் தொகுதி இல்லை. இங்கு வரும் வழிகள் சிறியவை, பல இடங்களில் சிதறியவை. அவற்றை அடைப்பது எங்கள் கைக்கு எட்டிய வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். மருந்தை நிறுத்துங்கள் என்று எந்த நோயாளியிடமும் நாம் கேட்கவில்லை. குளத்து மீனை வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. வீண் பயத்தால் முதலில் அடிபடுவது வலை வீசும் குடும்பம்தான்.

நாம் கேட்பது இவை. மிஞ்சிய, காலாவதியான குளிசைகளைத் திருப்பி வாங்கும் பெட்டி ஒவ்வொரு கிளினிக்கிலும் பாமசியிலும் வேண்டும். இன்று அவை குப்பையோடு போகின்றன. வைத்தியசாலைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் எந்த வாய்க்காலிலும் சேரக்கூடாது. மலக்கழிவு பவுசர்கள் குளங்களின் நீரேந்து பரப்பில் கொட்டுவதைப் பிரதேச சபைகள் தடுக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான கழிவுநீர் நியமங்களில் மருந்து எச்சத்துக்கும் எல்லை வகுக்கப்பட வேண்டும். குளங்களில் மீன்குஞ்சு விடும் அரச நிறுவனமான நக்டா, குஞ்சு வளர்ப்பில் பயன்படுத்தும் மருந்துகளின் பதிவை மீனவர் சங்கங்களுக்குக் காட்ட வேண்டும். மாட்டுக்கு நுண்ணுயிர்கொல்லி ஊசியை மிருக வைத்தியர் சொல்லாமல் போடக்கூடாது.

அளவீட்டை வவுனியாப் பல்கலைக்கழகமும், இரணைமடுவுக்கு அருகே அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் சேர்ந்து செய்யட்டும். நீரை மட்டுமன்றி மீனின் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்கட்டும். மாதிரி எடுக்க வள்ளமும் ஆளும் மீனவர் சங்கங்கள் தர வேண்டும். முடிவு எதுவானாலும் தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டப்பட வேண்டும். முதல் மாதிரி, நீர் மிகக் குறைந்து நிற்கும் வருகிற புரட்டாதியிலேயே, மழைக்கு முன் எடுக்கப்பட வேண்டும்.