ஏ.சி. பில்டர்: நெருக்கமானதெல்லாம் நல்லதல்ல!

படப்பையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டி இருக்கிறது என் வீடு. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. காலையில் துடைத்த மானிட்டரில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். என் மகளுக்கு வீசிங் தொல்லை உண்டு. எனவே, கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி, நெருக்கமான பில்டர் ஷீட் ஒன்றை வாங்கி ஸ்பிளிட் ஏ.சி.யின் வலை மீது ஒட்டினேன்.

பத்தே நாளில் அறை குளிரவில்லை. பிறகு தண்ணீர் சொட்டி, நேர் கீழே இருந்த கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். போயிற்று. மெக்கானிக் திறந்து பார்த்தால் காயில் முழுவதும் பனிக்கட்டி!

ஏன் இப்படி? ஏ.சி.யின் சிறிய பேன், மெல்லிய வலை வழியாகக் காற்றை இழுக்கும் அளவுக்குத்தான் அமைக்கப்பட்டுள்ளது. நெருக்கமான பில்டரை வைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் காயில் உறைந்துவிடும். குளிர்ச்சியும் போகும், கரண்ட் பில்லும் ஏறும்.

பில்டரின் திறனை அளக்க அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு வகுத்த மெர்வ் என்ற எண் உள்ளது. இது 1 முதல் 16 வரை செல்லும். மெர்வ் 8, மூன்று மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியைப் பெருமளவு பிடிக்கும். மெர்வ் 13, ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்களில் பாதியையாவது பிடிக்கும். கோவிட் பரவிய 2020ல் ஆஷ்ரே பரிந்துரைத்தது இதைத்தான். ஆனால் அது குழாய் வழியாகக் காற்று அனுப்பும் பெரிய கட்டிடங்களுக்கானது. அங்கும், கூடுதல் தடையைப் பேன் தாங்குமா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

நம் வீட்டு ஏ.சி.யின் வலை பெரிய தூசியையும் முடியையும் மட்டுமே பிடிக்கும். நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்லும் 2.5 மைக்ரான் துகள் அதில் நிற்காது. இதை வாங்கும்போதே விற்பவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 'பில்டர் உள்ளது' என்றால் எந்த அளவுத் துகளைப் பிடிக்கும் என்று நீங்களும் கேளுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஏ.சி. குளிர்விக்கட்டும். அதன் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். நுண்தூசிக்குத் தனியாக ஏர் பியூரிபையர் வாங்குங்கள். அதிலுள்ள ஹெபா பில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது. அதற்கேற்ற பேனும் அதில் உண்டு.

விலையைப் பார்க்கும் முன் சி.ஏ.டி.ஆர். எண்ணைப் பாருங்கள். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக, 170 கன மீட்டர் திறன் தேவை. மாற்று பில்டரின் விலையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஷீட்டைக் கிழித்தெறிந்துவிட்டேன். கம்ப்யூட்டரையும் ஏ.சி.க்குக் கீழிருந்து நகர்த்திவிட்டேன். பியூரிபையர் இப்போது மகளின் கட்டில் அருகே ஓடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். போனால் வேறு வாங்கலாம். நுரையீரலை எந்தக் கடையில் வாங்குவது?