கழற்சிக்காய்க் குடம்

பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பொடியன் கணக்கு நோட்டோடு வந்தான். 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

‘‘மீ.சி.ம. கண்டுபிடிச்சு பகுதியைச் சமமாக்கணும்டா.’’

‘‘அது நடத்த மறந்துட்டாங்களாம். அடுத்த வாரம்தான் சொல்லித் தருவாங்க ஆன்ட்டி. எனக்குக் கணக்கே வராது.’’

எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குப் பவணந்தி முனிவர் நான்கு உவமைகள் சொல்கிறார். அதில் ஒன்று கழற்சிக்காய் போட்ட குடம். கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. எது முன்னால் உருளுகிறதோ அதுதான் விழும். கவனியுங்கள், குடம் காலி என்று அவர் சொல்லவில்லை. காய் நிறைய இருக்கிறது, வரிசைதான் இல்லை! நல்லாசிரியரோ, சொல்ல வேண்டியதை முதலில் மனசில் அமைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டுமாம். 13-ம் நூற்றாண்டிலேயே பாடக்குறிப்பு!

தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, பதிவேடுகள் என்று அலைகிற டீச்சருக்கு அமைத்துக்கொள்ள நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால், வரிசை தவறியது தன் மூளையில்தான் என்றல்லவா பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது?

ஒரு சப்பாத்தியை ஆறாக வெட்டினேன். பாதிக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. எண்ணிப் பார்த்து, ‘‘ஆறுல அஞ்சு!’’ என்றான். மிச்சமிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, தானாகவே அடுத்த கணக்குக்குப் போனான்.